பெரியவர் பெயரை மருமகள் கையால் சொன்ன கதை

கோச்கோர்,
வெள்ளிக்கிழமை, அஸர் தொழுகைக்குப் பிறகு

பேரன்புக்கும் மரியாதைக்கும் உரிய அண்ணன் அவர்களுக்கு,

தங்கை புருல்கான் ஸலாம் கூறி எழுதிக்கொள்வது. அல்லாஹ்வின் அருளால் இங்கே நானும், உங்கள் மாப்பிள்ளையும், பிள்ளைகளும், இந்த வசந்தத்தில் பிறந்த பதினோரு ஆட்டுக்குட்டிகளும் சுகம். பெரியவருக்கு முழங்கால் வீக்கம் வற்றிவிட்டது. கோபம் இன்னும் வற்றவில்லை. அண்ணிக்கு இடுப்புவலி தேவலையா? நான் கொடுத்தனுப்பிய கொழுப்பை இடுப்பில்தான் தேய்த்தார்களா, அல்லது போன தடவை போல் அதிலும் ரொட்டி பொரித்துவிட்டார்களா என்று தெரிவிக்கவும்.

நம் பிள்ளை தலாயின் கல்யாணக் கறிப் பங்கு ஏன் ஐந்து நாள் தாமதமாக வந்தது, ஒரு குதிரைதான் அறுப்பதாகச் சொல்லிவிட்டு ஏன் இரண்டு குதிரையின் கறி வந்தது என்று போனில் கேட்டீர்கள். நான் "அப்புறம் சொல்றேண்ணா" என்று வைத்துவிட்டேன். மரியாதைக் குறைவாக நினைக்க வேண்டாம். அப்போது பெரியவர் என் பக்கத்தில்தான் உட்கார்ந்திருந்தார். விஷயமோ அவரைப் பற்றியது. அதனால்தான் எல்லாவற்றையும் வரிசையாக எழுதி ஓஷுக்கு வரும் வேன் டிரைவரிடம் கொடுத்தனுப்புகிறேன். படித்துவிட்டு ஒரு கேள்விக்கு மட்டும் மார்க்கப்படி பதில் சொல்லுங்கள். கேள்வி கடைசியில் இருக்கிறது. முதலில் போய் அதைப் படிக்காதீர்கள், புரியாது.

மாமனார் பெயரை மருமகள் வாயால் சொல்லக் கூடாது என்ற நம் வழக்கத்தை முப்பத்தொரு வருடமாக ஒரு நாள் தவறாமல் காத்தவள் நான். இது உங்களுக்கே தெரியும். பெரியவருக்கு அவரைப் பெற்றவர்கள் விறகு பிளக்கும் சாமானின் பெயரை வைத்துவிட்டார்கள். ஆகையால் எங்கள் வீட்டில் அந்தச் சாமானுக்குப் பெயரே கிடையாது. "பிளக்கிறது" என்போம். ஒருமுறை கடையில் போய் "பிளக்கிறது ஒண்ணு குடுங்க" என்று கேட்டேன். கடைக்காரர் யோசித்து யோசித்து மீன் வெட்டும் கத்தியை எடுத்து நீட்டினார். நானும் பேசாமல் வாங்கிக்கொண்டு வந்து ஒரு குளிர்காலம் முழுக்க அதை வைத்தே விறகு பிளந்தேனே தவிர, அந்தச் சொல்லைச் சொல்லவில்லை. இவ்வளவு கட்டுப்பாடாக இருந்தவள் வீட்டில்தான் இது நடந்தது.

நம் தலாய்க்கு மூன்று வயதில் காய்ச்சல் வந்து காது போனதும், அவனும் நானுமாகக் கையாலேயே ஒரு பேச்சு உண்டாக்கிக்கொண்டதும் நீங்கள் அறிந்ததே. ரொட்டி, ஆடு, மழை, தூக்கம், வாங்கப்போகும் அடி, எல்லாவற்றுக்கும் ஒவ்வொரு சைகை. ஆட்களுக்கும் உண்டு. உங்களுக்குத் தாடி. அண்ணிக்கு இடுப்பு. பெரியவர் நாள் முழுக்கக் கீழுதட்டை இழுத்து நஸ்வாய்ப் புகையிலை வைப்பதால், அவருக்குக் கீழுதட்டை இழுத்து விரலால் ஒரு குத்து. எனக்கோ அது அல்லாஹ்வே அனுப்பிய வசதி! பெயர் சொல்ல முடியாத மாமனாரைப் பற்றி உங்கள் மாப்பிள்ளையிடம் ஏதாவது கேட்க வேண்டுமென்றால் உதட்டை இழுத்துக் காட்டினால் போதும். பிள்ளை படிக்கத் தலைநகருக்குப் போன பிறகும் வீட்டில் இது நிற்கவில்லை. பெரியவர் மட்டும் எங்களைப் பார்க்கும்போதெல்லாம் "என்ன, கொசு ஓட்டறீங்களா?" என்று கேட்டுவிட்டுச் சுவர்ப் பக்கம் திரும்பி உட்கார்ந்துகொள்வார்.

பிள்ளை படித்த பள்ளியில் வகுப்பு நேரம் முழுக்கக் கையைத் தொடைக்கடியில் வைத்துக்கொண்டு வாயால்தான் பேச வேண்டுமாம். கைப் பேச்சை இவர்கள் விடுதிக் கட்டிலில் உட்கார்ந்துதான் கற்றார்களாம். அங்கேதான் நம் மணப்பெண் பெகாயிமும் கற்றாள். அவளும் காது கேளாதவள், தலாஸ் பக்கத்துப் பெண், கண் இருக்கிறதே, நூறு பேர் பேச்சு பேசும். அவளுடைய தாய் ரகியா காது கேட்பவள், தையல்காரி. ரகியாவைப் பெற்றவர்களோ இருவருமே காது கேளாதவர்கள். ஆகவே அவள் வாய் ஒன்று சொல்லிக்கொண்டிருக்கும், கை வேறொன்று சொல்லிக்கொண்டிருக்கும். இரண்டுக்கும் சேர்த்து நம்மால் பதில் சொல்ல முடியாது.

நிக்காஹ் நன்றாகவே நடந்தது. எங்கள் பள்ளிவாசல் மோல்தோ எர்கேஷ் (உங்களிடம் ஒன்றரை வருடம் ஓதியவர், கையெழுத்து அழகு, முடிவெடுக்க மட்டும் வராது) மூன்று முறை சம்மதம் கேட்டார். ரகியா கையால் எடுத்துச் சொல்ல, பெகாயிம் மூன்று முறையும் நெஞ்சில் கை வைத்து, முன்னால் நீட்டி, விரலை மடக்கினாள். சாட்சிகள் தலையாட்டினார்கள். பெரியவரும் ஆமீன் சொன்னார். முதல் குதிரை அறுத்தாயிற்று. அறுபது விருந்தாளிகள் திருப்தியாகச் சாப்பிட்டார்கள்.

மறுநாள் காலை மருமகள் முதல் தடவையாக எல்லோருக்கும் டீ ஊற்றுகிறாள். வெள்ளைத் தலைத்துணி, குனிந்த தலை, பார்க்கப் பார்க்கக் கண்ணுக்குக் குளிர்ச்சி. பெரியவருடைய கிண்ணம் காலியாக இருப்பதைப் பார்த்ததும், எதிரே இருந்த தலாயிடம் இன்னும் ஊற்றலாமா என்று கேட்பதற்காகக் கீழுதட்டை இழுத்து ஒரு குத்துக் குத்திக் கையைத் திருப்பிக் காட்டினாள். கிண்ணம் டம்மென்று கீழே வைக்கப்பட்டது.

"இவ இப்ப என்ன சொன்னா?"

"ஒண்ணுமில்லீங்க மாமா, டீ ஊத்தவான்னு கேட்டா" என்றேன்.

"யாருக்கு?"

அறுபது பேரும் ரொட்டியைப் பார்த்தார்கள்.

"யாருக்குன்னு கேட்டேன்! என் பேரைச் சொன்னாளா, இல்லையா? ஏழு தலைமுறையா இந்த வம்சத்துல ஒரு மருமகளும் மாமனார் பேரைச் சொன்னதில்ல. இவ மாமனாருக்கே அப்பன் பேரைச் சொல்றா, அதுவும் சபையில!"

இருபத்தொரு வருடம் கொசுவென்றே சொல்லிவந்தவருக்கு அன்று மட்டும் ஒரு கொசுவின் பெயர் எப்படித் தெரிந்தது என்று நான் யோசித்திருக்க வேண்டும். யோசிக்கவில்லை. பிள்ளையைக் காப்பாற்றும் பதற்றத்தில் வாயை விட்டுவிட்டேன். "மாமா, அது பேச்சே இல்லீங்க! சும்மா கை ஆட்டறது. வாயே திறக்கல பாருங்க புள்ள. பேச்சே இல்லாதப்ப அதுல பேரு எங்கேர்ந்து வரும்?"

பெரியவர் யோசித்தார். "அதுவும் சரிதான். கை ஆட்டினதுக்குக் கோவிச்சுக்க முடியாது" என்று கிண்ணத்தை எடுத்துக்கொண்டார். அத்தோடு முடிந்திருக்கும், அண்ணா. ஆனால் ரகியா எழுந்துவிட்டாள்.

"சம்பந்தி, இருங்க. பேச்சே இல்லையா? அப்ப நேத்து மோல்தோ மூணு தடவை கேட்டப்ப என் மக என்ன பண்ணினா? கை ஆட்டினாளா? பேச்சில்லேன்னா சம்மதம் இல்ல. சம்மதம் இல்லேன்னா நிக்காஹ் இல்ல. நிக்காஹ் ஆகாத வீட்டுல என் பொண்ணு எதுக்கு டீ ஊத்தணும்? எங்கம்மா ஒரு வார்த்தை வாயால பேசினதில்ல. கையாலதான் என்னைத் தாலாட்டினா, கையாலதான் திட்டினா. அது பேச்சில்லேன்னா என்னை யாருமே வளக்கலையா? பெட்டியை எடுடி!" இதையே கையாலும் சொன்னாள். பெகாயிம் கெட்டிலைக் கீழே வைத்தாள். தலாய் முகம் சுண்ணாம்பாகிவிட்டது.

"சரி சரி, பேச்சுதான், உக்காரு" என்றார் பெரியவர். உடனே அவருக்கு ஞாபகம் வந்தது. "பேச்சுன்னா, அவ என் பேரைச் சொல்லிட்டாளே!"

"அப்ப பேச்சில்ல" என்றாள் ரகியா.

"பேச்சில்லேன்னா நிக்காஹ் இல்லேன்னு நீதானே சொன்னே?"

"ஆமா. அதான் பெட்டியை எடுக்கச் சொன்னேன்."

லுஹர் தொழுகைக்குள் இருவரும் நான்கு தடவை இடம் மாறிவிட்டார்கள். யார் எந்தக் கட்சி என்றே தெரியாமல் அறுபது பேரும் எல்லாவற்றுக்கும் தலையாட்டினார்கள். மோல்தோ உங்களுக்கு மூன்று முறை போன் போட்டார். அணைத்து வைத்திருந்தீர்கள். சொல்வதற்கு மன்னிக்கவும், இந்த இரண்டாவது குதிரையில் உங்களுக்கும் பங்கு உண்டு. "தீர்ப்பு வரைக்கும் பொண்ணு அம்மாவோடயே இருக்கட்டும், யாரும் கிளம்ப வேண்டாம்" என்று சொல்லிவிட்டு மோல்தோ கிதாபுகளோடு உள்ளே போய்விட்டார். விருந்தாளிகள் ஏன் கிளம்புகிறார்கள்? கல்யாணம் நடந்ததா இல்லையா என்று தெரியாமல் வாழ்த்திவிட்டுப் போகவும் முடியாது, துக்கம் சொல்லிவிட்டுப் போகவும் முடியாது. மூட்டை மூட்டையாக மாவு போயிற்று. பிள்ளை மட்டும் லாயத்துப் பக்கம் போய்க் கையைப் பைக்குள் விட்டுக்கொண்டு நின்றான். அவன் கை பைக்குள் போனால் அது வாயைப் பொத்திக்கொண்டு அழுவது மாதிரி, எனக்குத் தெரியும். அதுதான், அண்ணா, என்னால் தாங்க முடியவில்லை. மற்றதெல்லாம் மாவுதான்.

இரண்டாம் நாள் இன்னொரு கூத்து. தீர்ப்பு வரும்வரை பெகாயிம் பேசலாமா கூடாதா என்று கேள்வி வந்தது. "பேசட்டும். ஆனா பெரியவங்க முன்னால மருமக தாழ்ந்த குரல்லதான் பேசணும்" என்றார் உங்கள் மாப்பிள்ளை. கைக்கு எது தாழ்ந்த குரல்? ஒரு மணி நேரம் விவாதித்து, மேஜை விரிப்புக்குக் கீழே வைத்துப் பேசினால் தாழ்ந்த குரல் என்று முடிவு செய்தார்கள். அந்தப் பெண்ணும் மரியாதையாக விரிப்புக்கு அடியில் கையை விட்டுப் பேசினாள். என்ன சொல்கிறாள் என்று பார்க்க தலாய் குனிந்தான். அவனைப் பார்த்து நானும், என்னைப் பார்த்து ஒட்டுமொத்தச் சபையும் விரிப்பைத் தூக்கிக்கொண்டு குனிந்தோம். உங்கள் மாப்பிள்ளையின் சித்தப்பா நிமிரும்போது மேஜையில் தலை இடித்து டீ கொதிக்கும் சமோவார் சாய்ந்தது. அவள் கேட்டது என்னவென்றால், "எல்லாரும் என்ன தேடறீங்க?"

மூன்றாம் நாள் மோல்தோ கண் சிவக்க வெளியே வந்தார். பேச முடியாதவருடைய சைகை, அது அறியப்பட்ட சைகையாக இருந்தால், நாவின் பேச்சுக்குச் சமம் என்று கிதாபில் இருக்கிறதாம். எனக்கு நெஞ்சு குளிர்ந்தது. உடனே பெரியவர் கேட்டார்: "யாரால அறியப்பட்ட?"

மோல்தோ மறுபடி கிதாபைப் புரட்டினார். கடைசியில், இந்த வீட்டு ஆள் ஒருவர், காது கேட்பவர், சபை நடுவில் பெகாயிம் சொல்வதைப் புரிந்துகொண்டு சொன்னால் போதும் என்றார். எனக்குப் பெருமை தாங்கவில்லை. இருபத்தொரு வருடம் யாரும் சொல்லித்தராமல் கற்றவளாயிற்றே! பிஸ்மில்லாஹ் சொல்லி முன்னால் போய் உட்கார்ந்தேன். பெகாயிம் என்னைப் பார்த்துச் சிரித்து ஒரு பத்து விநாடி கையால் என்னவோ சொன்னாள். நானும் தைரியமாக எடுத்துச் சொன்னேன்: "கரடி ஒண்ணு கம்பளத்தைத் துவைச்சு முட்டைக்கோசு மேல காயப் போடுதாம்."

ரகியா கண்ணை மூடிக்கொண்டாள். "'அத்தை சுடற ரொட்டி ரொம்ப நல்லா இருக்கு, எனக்கு இந்த வீட்டை விட்டுப் போக மனசில்ல'ன்னு சொன்னா, சம்பந்தி. எங்க புள்ள கை பட்டணத்துக் கை. உங்க கையில மலை வாடை அடிக்குது." பிறகு தலாய் எனக்கு விளக்கினான். என்னோடு அவன் பேசுவது வீட்டுக் கை, அவளோடு பேசுவது பள்ளிக் கை, இரண்டும் வேறாம். நாம் வீட்டில் ஒன்று, அலுவலகத்தில் ருஷ்யன் ஒன்று பேசுவதில்லையா, அது போல. இத்தனை வருடம் எனக்காகத்தான் மெதுவாக, குழந்தையிடம் பேசுவது போலப் பேசிக்கொண்டிருந்திருக்கிறான். அன்று அடுப்படியில் உட்கார்ந்து நானும் கொஞ்சம் அழுதேன். புகை என்று சொல்லிக்கொண்டேன்.

நான்காம் நாள் வண்டி வந்து வாசலில் நின்றது. பெட்டி ஏறிவிட்டது. பெகாயிம் என் கையைப் பிடித்துக்கொண்டு விடவில்லை. ரகியா செருப்பு மாட்டப் போனவள், ஒரு காலோடு திரும்பி வந்தாள். "மோல்தோ! புரிஞ்ச ஆள் ஒருத்தர் இந்த வீட்டுல இருக்கார்" என்று சொல்லிவிட்டு நேரே பெரியவர் எதிரே போய் நின்று கையால் ஆரம்பித்தாள்.

பெரியவர் சுவர்ப் பக்கம் திரும்பினார். அவள் சுவருக்கும் அவருக்கும் நடுவில் புகுந்துகொண்டாள். கண்ணை மூடினார். அவள் காத்திருந்தாள். சற்று நேரத்தில் ஒரு கண் திறந்தது. அவள் தலையில் கல்பக் தொப்பி வைப்பது போலக் காட்டினாள், கடிவாளம் பிடித்தாள், வயிற்றைப் பிடித்துக்கொண்டு குனிந்தாள், பிறகு என்னென்னவோ மின்னல் வேகத்தில். எங்களுக்கு ஒன்றும் விளங்கவில்லை. பெரியவருடைய முகம் மட்டும் சிவந்துகொண்டே வந்தது, மீசை ஆடியது, அப்புறம் கிண்ணத்தைத் தள்ளிவிட்டு எழுந்து கத்தினார்:

"பொய்! கடைசிச் சுத்து மட்டும்தான் அவ ஓட்டினா! மொத மூணு சுத்தும் நான்தான்!"

எல்லோரும் திரும்பிச் சுவரைப் பார்த்தோம். ஐம்பது வருடத்துக்கு முன் கூட்டுப் பண்ணை விழாவில் குதிரைப் பந்தயத்தில் முதலாவதாக வந்ததற்குப் பெரியவர் வாங்கிய சான்றிதழ் அங்கேதான் கண்ணாடிச் சட்டத்தில் தொங்குகிறது. எங்கள் வீட்டுக்கு வந்த எவரும் அந்தக் கதையைக் கேட்காமல் டீ குடித்ததில்லை.

"அப்பா," என்றார் உங்கள் மாப்பிள்ளை மெதுவாக, "கடைசிச் சுத்து யாரு ஓட்டினா?"

பெரியவர் உட்கார்ந்துவிட்டார். "உங்கம்மா" என்றார். அன்று காலை குடித்த குமிஸ், அந்தப் புளித்த குதிரைப்பால், வயிற்றைக் கலக்கிவிட்டதாம். மூன்றாம் சுற்று முடிவில் புதருக்குப் பின்னால் இறங்கிவிட்டாராம். பார்த்துக்கொண்டிருந்த என் மாமியார், அல்லாஹ் அவருக்குச் சொர்க்கத்தைத் தரட்டும், ஓடி வந்து இவர் தொப்பியைப் பிடுங்கித் தலையில் போட்டுக்கொண்டு, இவர் மேலங்கியோடு ஏறி, எல்லோரையும் தாண்டி வந்து ஜெயித்துவிட்டாராம். இதை இவர் பெற்ற பிள்ளையிடம் சொல்லவில்லை. தலாயிடம் மட்டும் சொல்லியிருக்கிறார். தலாய் பெகாயிமிடம் சொன்னான், அவள் தாயிடம் சொன்னாள்.

"மாமா, உங்களுக்கு எப்படி இந்தக் கை..." என்று கேட்டேன்.

"வருஷத்துக்கு நாலு மாசம் மலை மேய்ச்சல்ல அவனும் நானும் மட்டும் இருக்கோம். இருபது வருஷமா. ஆடுகிட்டயா பேசுவேன்? பள்ளிக்கூடத்துல கத்துக்கிட்டதையெல்லாம் ஒவ்வொரு கோடைக்கும் எனக்குச் சொல்லிக்குடுத்தான்."

"அப்ப நாங்க பேசினா மட்டும் ஏன் கொசு ஓட்டறதுன்னு..."

"நீ பேசறது கொசு ஓட்டறதுதாம்மா. உன் கை திக்குது. பாக்கவே சகிக்கல."

"மோல்தோ, எழுதிக்குங்க" என்றாள் ரகியா. "வீட்டு ஆள். காது கேக்கும். புரிஞ்சுது. புரிஞ்சதோட, வாங்கிக் கட்டிக்கவும் செஞ்சாச்சு."

மோல்தோ அல்ஹம்துலில்லாஹ் என்றார். அதற்குப் பிறகும் பெரியவரும் ரகியாவும் விடவில்லை. இருபது நிமிடம் கையாலேயே சண்டை போட்டார்கள். சத்தமே இல்லாமல் இவ்வளவு பெரிய சண்டையை நம் பள்ளத்தாக்கு பார்த்திருக்காது. சபை முழுக்கத் தலையை இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் திருப்பித் திருப்பிக் கழுத்து வலி வந்ததுதான் மிச்சம். உங்கள் மாப்பிள்ளை இரண்டாவது குதிரையை அறுக்கப் போனார்.

ஆக, பேச்சுதான். நிக்காஹ் செல்லும். அப்படியானால் பெயர் சொன்ன குற்றம்? அதற்கு நம் வழக்கத்திலேயே வழி இருக்கிறதே! மருமகள் தானாக வேறொரு பெயர் வைத்துக் கூப்பிட வேண்டும். "வைக்கட்டும்" என்றார் பெரியவர், கடுப்பாக. பெகாயிம் விரிப்புக்கு அடியில் கையை விட்டு யோசித்தாள். பிறகு யாரும் சொல்லாமலே கையை வெளியே எடுத்தாள். தன் தலையிலிருந்து தொப்பியைக் கழற்றுவது போல் கழற்றி, பக்கத்தில் நிற்கும் இன்னொருவர் தலையில் மெதுவாக வைப்பது போல் வைத்தாள்.

பெரியவர் அந்தக் கையைப் பார்த்தார். மூக்கை உறிஞ்சினார். நஸ்வாய் காரம் என்றார். "நல்ல பேருதான். டீ ஊத்தச் சொல்லு அவளை" என்றார். லாயத்துப் பக்கம் பார்த்தேன். தலாய் கையைப் பையிலிருந்து எடுத்துவிட்டான். அல்லாஹ்வுக்கே புகழ் அனைத்தும்.

இப்போது என் கேள்வி. சைகை பேச்சுதான் என்றால், உதட்டை இழுத்துக் காட்டிய ஒவ்வொரு தடவையும் நான் மாமனார் பெயரைச் சொல்லியிருக்கிறேன். ஒரு நாளைக்கு ஏழு தடவை, அவர் மலைக்குப் போகும் நான்கு மாதம் போக, இருபத்தொரு வருடம். நோட்டில் போட்டுப் பார்த்தேன். முப்பத்தாறாயிரத்துப் பதினைந்து வருகிறது. இது வெறும் வழக்கம்தான், மார்க்கம் இல்லை என்று மோல்தோ சொல்கிறார். ஆனாலும் மனசு ஆறவில்லை. எத்தனை நோன்பு வைக்க வேண்டும் என்று எழுதவும். கொஞ்சம் குறைத்தே எழுதவும். குளிர்காலத்தில் வைத்துக்கொள்கிறேன்.

அண்ணிக்கும் குழந்தைகளுக்கும் ஸலாம். உங்கள் வீட்டு விரிப்பில் ரொட்டி குறையாமலும், அதைச் சுற்றி உட்காரும் ஆட்கள் குறையாமலும், அவர்கள் ஒருவருக்கொருவர் சொல்வது புரியாமல் போகாமலும் இருக்க ஒவ்வொரு தொழுகையிலும் துஆ செய்யும்,

உங்கள் தங்கை,
புருல்கான்

பின்குறிப்பு: நேற்றே இதை டிரைவரிடம் கொடுத்திருந்தால் பிழைத்திருப்பேன். மேலே எழுதியதை எதற்கும் கணக்கில் எடுத்துக்கொள்ள வேண்டாம். தொப்பியைக் கழற்றி வைக்கும் அந்தச் சைகை ஊர் முழுக்கப் பரவிவிட்டது. காது கேட்கிறவர்கள்கூட, பாதையில் பெரியவர் வருகிறார் என்றால் அதைத்தான் காட்டுகிறார்கள். ஆகவே இப்போது அதுதான் அவர் பெயர், மருமகள் அதைச் சொல்லக் கூடாது என்று சித்தப்பா கிளப்பிவிட்டார். ரகியா தலாஸிலிருந்து மறுபடி கிளம்பிவிட்டாளாம். வியாழக்கிழமை சபை. மோல்தோ கிதாபுகளோடு உள்ளே போய்விட்டார். தயவுசெய்து போனை அணைத்து வைக்காதீர்கள். நோன்பைப் பற்றியும் இப்போதைக்கு எழுத வேண்டாம். ஏனென்றால் பெரியவர் இன்று காலை மறுபடி மாறிவிட்டார். இதெல்லாம் ஒரு பேச்சே இல்லை, வெறும் கொசு ஓட்டறது என்று உறுதியாகச் சொல்லிவிட்டார். கையால்தான் சொன்னார்.